எந்த வருஷத்திலிருந்து எண்ணுவது? கரிசல் மண்ணில் ஒரு கரிக் கணக்கு

2024 மே மாதம் ஒரு போன் வந்தது. தெரிந்தவர் வீட்டுப் பெண். சுற்றுச்சூழல் படிப்பில் முதுகலை முதல் வருஷம் முடித்திருந்தார்.

"அண்ணாச்சி, கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டிக்காரங்க சங்கத்துல எனக்கு ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப். அவங்களோட கார்பன் எவ்வளவுன்னு கணக்கெடுத்து, எப்படிக் குறைக்கலாம்னு எழுதிக் கொடுக்கணும். ஒரு கட்டம் மட்டும் நிரப்ப முடியல. உங்கள மாதிரி பழைய கதை தேடுற ஆளு வேணும்."

கார்பன் கணக்குக்குப் பழைய கதை எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. அவர் அனுப்பிய படிவத்தைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. காலியாகக் கிடந்த கட்டத்தின் தலைப்பு, 'அடிப்படை ஆண்டு'.

ஒரு நிறுவனமோ சங்கமோ "இத்தனை சதவீதம் குறைத்தோம்" என்று சொன்னால், எதிலிருந்து குறைத்தோம் என்றும் சொல்லியாக வேண்டும். அந்த 'எது'தான் அடிப்படை ஆண்டு. 1997இல் கியோட்டோவில் ஏற்கப்பட்ட ஒப்பந்தத்தில் பெரும்பாலான பணக்கார நாடுகளுக்கு 1990 அடிப்படை ஆண்டு. சோவியத் கூட்டமைப்பு உடைந்து ஆலைகள் மூடப்படுவதற்கு முந்தைய வருஷம் அது. அதனால் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் ஒன்றும் செய்யாமலே உமிழ்வு 'குறைந்து'விட்டது. வருஷத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி விடை எழுதியாகிவிடுகிறது.

ஒரு தீப்பெட்டிச் சங்கத்துக்கு எந்த வருஷம்? அந்தக் கேள்வியோடு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அங்கே பார்த்ததும், வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டியதும்தான் இந்தக் கட்டுரை.

சங்கத்தின் கரி, உறுப்பினர்களின் கரி

சங்க அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஒரே அறை. ரெண்டு ஃபேன், மூணு ட்யூப் லைட், ஒரு கம்ப்யூட்டர். சுவரில் பழைய தீப்பெட்டி லேபிள்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். செயலாளருக்கு எழுபது வயது இருக்கும். மாணவியைப் பார்த்துச் சிரித்தார்.

"கரண்ட் பில்லை எடுத்துத் தாரேன் தாயி. ரெண்டு ஃபேனு ஓடுது. இதுல என்னத்தக் குறைக்கப் போற?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. ரெண்டு மாச பில்லில் 200 யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் 140 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ. ஆக, அந்த ரெண்டு மாச பில்லும் ஒரு லாரி குடிக்கும் ஐம்பது சொச்சம் லிட்டர் டீசலும் ஒன்று. கேரளாவுக்குப் போய்த் தீக்குச்சி ஏற்றி வரும் ஒரு லாரி நடைக்கு அது போதாது.

எல்லாச் சங்கங்களுக்கும் இந்தக் கதைதான். அமெரிக்கப் புவியியற்பியல் ஒன்றியம் என்று அறிவியலாளர்களின் பெரிய அமைப்பு ஒன்று இருக்கிறது. 2019இல் அதன் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 28,000 பேர். அவர்கள் வந்துபோன பயணத்தால் மட்டும் ஏறக்குறைய 80,000 டன் வெளியானது என்று பின்னால் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆபீஸ் விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றி அந்தக் கணக்கைத் தொடவே முடியாது. சங்கம் என்றால் அதன் கட்டடம் இல்லை, அதன் உறுப்பினர்கள் சேர்ந்து எடுக்கிற முடிவுகள்.

தீப்பெட்டிச் சங்கங்களுக்கு அப்படி முடிவெடுக்கிற பலம் உண்டு. நாம் எல்லோரும் அதை நேரில் பார்த்தோம். 2021 டிசம்பர் 1 அன்று நாடு முழுக்க ஒரு தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. பதினான்கு வருஷத்துக்குப் பிறகு வந்த விலையேற்றம். அதை முடிவு செய்தது அரசாங்கம் இல்லை. சிவகாசியில் கூடிய தீப்பெட்டிச் சங்கங்கள்.

அப்போது அவர்கள் சொன்ன காரணப் பட்டியலை மாணவியிடம் நினைவுபடுத்தினேன். சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, பெட்டி அட்டை, பொட்டாசியம் குளோரேட் எல்லாம் விலையேறிவிட்டன, டீசலும் ஏறிவிட்டது என்றார்கள். அவர் சட்டென்று நோட்டை எடுத்தார்.

"அண்ணாச்சி, இதுதான் என்னோட கார்பன் பட்டியலும்."

ஆமாம். பாஸ்பரஸ் எடுக்கப் பாஸ்பேட் பாறையை மின்உலையில் உருக்க வேண்டும். குளோரேட் செய்ய உப்புக் கரைசலில் மணிக்கணக்காக மின்சாரம் பாய்ச்ச வேண்டும். குச்சியில் ஏற்றும் மெழுகு பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. மரமோ பெரும்பாலும் கேரளத்திலிருந்து வருகிறது. கரிசல் காட்டில் அந்த மரம் கிடையாது. ஆக, ஒரு தீப்பெட்டியின் கரியில் பெரும்பகுதி கோவில்பட்டிக்கு வந்து சேருவதற்கு முன்பே எரிந்து முடிந்திருக்க வேண்டும்.

சரி, எல்லையை ஒருவிதமாக வரைந்துவிட்டோம். வருஷம்?

முதல் வேட்பாளர்: 1923

செயலாளர் ஒரு வருஷம் கையில் வைத்திருந்தார். "ஆரம்பத்துல இருந்தே எழுது தாயி. 1923. அப்ப கரண்டே கிடையாது. வெயிலும் கையும்தான். எங்க தொழில் மாதிரி சுத்தமான தொழில் உண்டா?"

1923க்கு முன்னால் கொஞ்சம் மண்ணைப் பார்த்துவிடுவோம்.

கரிசல் கருப்பாக இருப்பதால் அதில் கரி நிறைய இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்த மண்ணில் மட்கின் அளவு குறைவு. அந்தக் கருமை களிமண்ணும் கொஞ்சம் மட்கும் கூடிய கலவையின் நிறம். மழை பெய்தால் கால் வைக்க முடியாத அளவுக்கு உளையும், காய்ந்தால் ஆள் கால் போகிற அளவுக்கு வெடிக்கும். ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. மழை முடிந்து அறுப்பும் முடிந்தால் மாசக்கணக்கில் வேலை இல்லை.

வெள்ளைக்கார அரசுக்கு இந்த மண் என்றால் பருத்தி. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் விட்டதும், 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியதும் அதற்காகத்தான். பண்ணை இன்றும் இருக்கிறது. மானாவாரிப் பயிர் ஆராய்ச்சியில் நாட்டின் மிகப் பழைய இடங்களில் ஒன்று.

இப்படி வருஷத்தில் பாதி நாள் சும்மா இருக்கும் கைகளும், எந்நேரமும் கொளுத்தும் வெயிலும் உள்ள ஊரிலிருந்துதான் 1922இல் சிவகாசியைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். அங்கே சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பி வேலையைத் தொடங்கினார்கள். இன்றைய பாஷையில் அதுவும் ஒரு இன்டர்ன்ஷிப்தான் என்று சொன்னதும் மாணவிக்குச் சிரிப்பு. "அவங்களுக்கு ரிப்போர்ட் எழுதுற வேலை இல்ல, குடுத்து வச்சவங்க" என்றார்.

அதே காலத்தில்தான் ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனியும் இந்தியாவில் இயந்திரத்தோடு இறங்கியது. பாதுகாப்புத் தீக்குச்சி அவர்கள் நாட்டில் பிறந்தது. உலகச் சந்தையில் பெரும்பங்கு அவர்கள் கையில். அந்த இயந்திரத்தோடு கரிசல் காட்டுக் கைகள் எப்படிப் போட்டி போட்டன? இயந்திரத்தை விடக் கை மலிவாக இருந்தது, அதனால்தான். 1934இல் தீப்பெட்டிக்கு எக்ஸைஸ் வரி வந்தது. பின்னால் கையால் செய்பவர்களுக்கும் சிறியவர்களுக்கும் அந்த வரியில் சலுகைகள் கிடைத்தன. சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று தொழில் பரவியது. ஊர்க்காரர்கள் வாயில் அது 'தீப்பெட்டி ஆபீஸ்'. இன்றைக்கும் இங்கே யாரும் ஃபேக்டரி என்று சொல்வதில்லை.

என்னென்ன வேலை? குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாகப் பதித்து அடுக்குவது. இதைக் 'கட்டை அடுக்குறது' என்பார்கள். மெழுகில் தோய்ப்பது. மருந்து முக்குவது. வெயிலில் காயவைப்பது. பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, பெட்டியின் ஓரத்தில் உரசு மருந்து பூசுவது, லேபிள் ஒட்டுவது. மருந்து காய்ச்சவும் மெழுகு உருக்கவும் அடுப்பு எரிந்தது. மற்றபடி எல்லாம் கையும் வெயிலும்.

கரிக் கணக்கில் பார்த்தால் அழகான காலம். 1923ஐயோ 1963ஐயோ எடுத்துவைத்து, "பாருங்கள், எங்கள் பாரம்பரியத் தொழில் இயல்பிலேயே பசுமை" என்று ஒரு போஸ்டர் அடித்துவிடலாம். அந்தக் கைகள் யாருடையவை என்று கேட்காதவரைக்கும்.

யாருடைய கை?

மறுநாள் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனோம். மீட்டரைக் குறிக்கப் போன மாணவி, பெட்டி அடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் எப்போதிலிருந்து இந்த வேலை என்று சும்மா கேட்டார்.

"எட்டு வயசு இருக்கும்மா. விடிய நாலு மணிக்கு ஊர் மந்தையில பஸ்ஸு வந்து ஆரன் அடிக்கும். எங்கம்மா தூக்கத்தோட தூக்கி ஏத்தி விடுவா. திரும்பி வர இருட்டிரும். எங்க ஊருல நான் பாத்த சூரியன் ஞாயித்துக்கிழமை சூரியன்தான்."

சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். விரல்கள் நிற்கவே இல்லை.

அவர் சொன்ன பஸ்கள் ஊரறிந்த சங்கதி. அப்படிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன பஸ் ஒன்று 1976இல் விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் இறந்தார்கள். அரசு விசாரணைக் குழு போட்டது. ஆனாலும் பஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடை, ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, குழந்தைகளை வைத்துச் செய்யக்கூடாத தொழில்களின் பட்டியலில் தீப்பெட்டியையும் பட்டாசையும் சேர்த்தது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் இந்தக் குழந்தைகளின் முகங்களை வெளியுலகத்துக்குக் காட்டியது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் அந்தக் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும். வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு அரசு இருக்கிறது. வழக்கின் பொருள், நம்ம சிவகாசி.

அன்று திரும்பி வரும்போது மாணவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப 1963ல கார்பன் குறைவா இருந்ததுன்னா, அதுக்குக் காரணம் அந்தம்மா மாதிரி ஆளுங்கதானே?"

அதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வந்த விஷயம். எரிபொருள் செலவாகாத இடத்தில் வேறு ஏதோ செலவாகியிருக்கிறது. அது கணக்கில் வராததால் கணக்கு சுத்தமாகத் தெரிகிறது.

கரி ஏறிய வருஷங்கள்

குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தபிறகு தீப்பெட்டி ஆபீஸ்களில் இயந்திரம் பெருகியது. இது ஒன்றே காரணம் என்று சொன்னால் தப்பு. பெரியவர்களுக்கும் நூற்பாலை, கட்டட வேலை, நூறு நாள் வேலை என்று வேறு வழிகள் திறந்தன. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. கட்டை அடுக்க, மருந்து முக்க, பெட்டி செய்ய என்று ஒவ்வொரு வேலையாக மோட்டாருக்கு மாறியது. வரியும் தன் பங்கைச் செய்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்ததற்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஒரே விகிதமாக்கினார்கள். கைக்கு இருந்த வரிச் சலுகை அதோடு போயிற்று.

இதைக் கரி வரைபடமாகப் போட்டால் கோடு மேலே ஏறும். மின்சாரம் ஏறுகிறது, உமிழ்வு ஏறுகிறது. வெளியூரிலிருந்து பார்ப்பவர் 'இந்தத் தொழில் கெட்டுப்போச்சு' என்பார். அந்த ஏற்றத்தின் ஒரு பகுதி, நாலு மணி பஸ் நின்றுபோனதன் கணக்கு. அது ஏறாமல் இருந்திருந்தால்தான் வெட்கப்பட வேண்டும்.

1986ஐ அடிப்படை ஆண்டாக வைக்கலாமா என்று ஒருகணம் யோசித்தோம். அந்த வருஷத்துக்கு இங்கே இன்னொரு பொருத்தம் உண்டு. தடைச் சட்டம் வந்த அதே 1986இல்தான் தூத்துக்குடி பக்கத்தில் முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை வந்தது. நாட்டின் முதல் சில காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று. பிறகு கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்த கயத்தாறில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாடி. டென்மார்க் உதவியோடு அமைந்த காற்றாலைச் சோதனை நிலையமும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டு நூற்பாலைகள் தொண்ணூறுகளில் போட்டி போட்டுக் காற்றாலை வாங்கின. பூமியைக் காப்பாற்ற இல்லை. மின்வெட்டிலிருந்து தப்பிக்க, வருமான வரியில் தேய்மானக் கழிவு வாங்க. ஆடிக் காற்றில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்திடம் வரவு வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. கரி குறைந்தது பக்க விளைவு.

தீப்பெட்டிக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு எட்டவில்லை. இருபது பேர் வேலை செய்கிற யூனிட் எங்கே காற்றாலை வாங்கும்? கயத்தாறு காற்றாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கணக்கெழுதும்போது அவர்கள் மின்சாரத்துக்கும் அதே 0.7 கிலோதான். தொகுப்பு ஒன்று என்பதால், மேற்கே சுற்றுகிற காற்றாடியும் கிழக்கே 1979 முதல் நிலக்கரி எரிக்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையமும் ஒரே கம்பியில் கலந்துதான் வருகின்றன.

இந்த இடத்தில்தான் சங்கம் என்ற ஒன்றுக்கு அர்த்தம் வருகிறது. 2005ஆம் வருஷத்து மின்சார விதிகளின்படி, பலர் கூட்டாக ஒரு மின்நிலையத்தில் 26 சதவீதப் பங்கு வைத்து, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது அவர்களின் சொந்த மின்நிலையம் ஆகும். கூட்டுறவுச் சங்கமும் செய்யலாம், நபர்களின் கூட்டமைப்பும் செய்யலாம். நூற்பாலைகள் அறிந்த வழி. தனியாக ஒரு யூனிட்டால் முடியாததை நூறு யூனிட் சேர்ந்து யோசிக்கலாம். மாணவி தன் அறிக்கையில் எழுதிய முதல் பரிந்துரை இதுதான். இரண்டாவது, கூரையில் சோலார். மூன்றாவது, கேரளத்திலிருந்து குச்சி வரும் லாரிகளைப் பக்கத்து யூனிட்காரர்கள் சேர்ந்து நிரப்புவது. பழைய மோட்டார்களை மாற்றுவது நான்காவது.

லைட்டரும் போஸ்டரும்

உறுப்பினர்கள் கூட்டம் ஒன்றில் அறிக்கையின் வரைவை வாசித்தார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய மெய்யான கவலை மோட்டாரும் இல்லை, மெழுகும் இல்லை. லைட்டர்.

பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் லைட்டர் இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. அதன்பிறகும் உதிரி பாகமாக வருகிறது என்று சங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. "தாயி, தீப்பெட்டிதான் பசுமை, லைட்டர் விஷம்னு உன் ரிப்போர்ட்டுல ஒரு வரி போட்டுட்டா எங்களுக்குப் போதும்" என்றார் ஒருவர்.

மாணவி யோசித்துத்தான் பதில் சொன்னார். "லைட்டர் குப்பையா சேருது, அது உண்மை. தீக்குச்சி மக்கிரும், அதுவும் உண்மை. ஆனா கார்பன்ல எது குறைவுன்னு சொல்ல, லைட்டரையும் இதே மாதிரி அக்குவேறா ஆணிவேறா எண்ணணும். நான் எண்ணல. எண்ணாததை எழுத மாட்டேன்."

கூட்டத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு. அப்போது நடுவயதுக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வியாபாரிக்கு இயல்பாக வருகிற யோசனைதான்.

"ஏம்மா, பெட்டி செய்யிற மிஷினை நிறுத்திட்டு, பழையபடி ஒட்டுற வேலைய வீடுகளுக்குக் குடுத்திட்டா எங்க மீட்டர் குறையும்ல? கரியும் குறைஞ்ச மாதிரி ஆச்சு."

குறையும். காகிதத்தில் அழகாகக் குறையும். யூனிட் வாசலுக்குள் எரிவதை மட்டும் எண்ணினால், வேலையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டதும் கரி காணாமல் போய்விடும். கூடவே பி.எஃப்., இ.எஸ்.ஐ., வேலை நேரம் எல்லாம் காணாமல் போய்விடும். வீட்டுக்குள் பசை தடவுவது அம்மாவா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையா என்று யார் பார்ப்பார்கள்? 1963 மறுபடியும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும், இந்தத் தடவை பசுமை என்ற பெயரோடு.

மாணவி பதில் சொல்லுமுன் செயலாளர் முந்திக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு முன் 1923ஐ அடிப்படை ஆண்டாக வைக்கச் சொன்ன அதே ஆள்.

"எப்பா, அது வேண்டாம். அந்தக் காலத்த நான் பாத்திருக்கேன். கோர்ட்டு வாசல்ல நின்னதும் நாமதான். கரிய மீட்டர்ல குறைச்சு வீட்டுல ஏத்தக் கூடாது."

கட்டத்தில் எழுதியது

கடைசியில் அந்தக் காலிக் கட்டத்தில் 2023–24 என்று எழுதினார். காரணம் சாதாரணமானது. அந்த வருஷத்துக்குத்தான் பெரும்பாலான உறுப்பினர்களிடம் மின் பில், கொள்முதல் ரசீது, லாரி வாடகைச் சீட்டு எல்லாம் இருந்தன. ஆதாரம் இருக்கும் வருஷத்தை எடு என்பது வரலாறு எழுதுபவனுக்கும் முதல் பாடம். மொத்த டன்னோடு சேர்த்து, 600 பெட்டி கொண்ட ஒரு பண்டலுக்கு எவ்வளவு என்றும் கணக்கிட்டார். வியாபாரம் படுத்து உற்பத்தி குறைந்ததை 'கரி குறைப்பு' என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அதோடு வழக்கமான அறிக்கையில் இல்லாத இரண்டு விஷயங்களைச் சேர்த்தார். அறிக்கையின் தொடக்கத்தில் மூன்று பக்க வரலாறு. 1923இலிருந்து இந்தத் தொழிலில் கரி ஏன் குறைவாக இருந்தது, பிறகு ஏன் ஏறியது, அந்த ஏற்றத்தில் எந்தப் பகுதியைக் குறைக்க வேண்டும், எந்தப் பகுதியை மதிக்க வேண்டும் என்று. அறிக்கையின் முடிவில் ஒரு விதி. வேலையை யூனிட்டுக்கு வெளியே, வீடுகளுக்குத் தள்ளியதால் குறைந்த உமிழ்வைக் குறைப்பாக எண்ணக் கூடாது. சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. கூட்டு மின்நிலையம் பேச்சளவில்தான் இருக்கிறது. பணம், நிலம், வாரியத்தின் அனுமதி என்று நீண்ட வழி. லாரியைச் சேர்ந்து நிரப்புவதை மட்டும் நாலைந்து பேர் ஆரம்பித்துவிட்டார்கள், வாடகை மிச்சமாகிறது என்பதால். நூற்பாலைக்காரர்கள் காற்றாலை வாங்கிய கதைதான் மறுபடியும். பரவாயில்லை, காரணம் எதுவாக இருந்தாலும் டீசல் மிச்சம்தான்.

எனக்கு ஒரு மனக்குறை மட்டும் பாக்கி. அந்த மூன்று பக்க வரலாற்றில் சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் வரிக்கும் தேதி சொல்ல முடிந்தது. ஒரு தீப்பெட்டி ஆபீசில் முதல் மோட்டார் எந்த வருஷம் ஓடியது, அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இருந்தார்கள், என்ன கூலி என்று சொல்லக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதங்கள் வீடுகளின் பரணில்தான் இருக்கும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம் பக்கத்தில் உங்கள் தாத்தாவோ அப்பாவோ தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தாலோ, அங்கே கணக்குப்பிள்ளையாக இருந்தாலோ, பழைய பற்றுவரவு நோட்டு, கூலிச் சீட்டு, கரண்ட் பில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எடுத்துவையுங்கள். எழுபதுகளின் கூலி நோட்டு ஒன்று கிடைத்தாலும் போதும். அந்த நாலு மணி பஸ்ஸில் ஏறியவர்களின் பெயர் அதில் இருக்கலாம்.